ரிச்சர்டின் இரண்டாவது முத்திரை: வாங்கியதையே மறுபடி வாங்க வைத்த மன்னர்

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர்களின் தொப்பியிலும் கால்பந்து அணியின் சட்டையிலும் மூன்று சிங்கங்கள் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கிலாந்து மன்னரின் சின்னமாக அந்த மூன்றும் சேர்ந்து நமக்குக் கிடைப்பது 1198-இல்தான், முதலாம் ரிச்சர்ட் (சிலுவைப் போரில் முஸ்லிம் சுல்தான் சலாவுதீனை எதிர்த்து நின்ற அதே ‘சிங்கநெஞ்சன்’ ரிச்சர்ட்) செய்துகொண்ட புது அரச முத்திரையில். சிங்கங்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறொரு கேள்வி. மன்னரிடம் ஏற்கெனவே ஒரு முத்திரை இருந்தது, ஒன்பது வருடமாக நன்றாகவே வேலை செய்தது, பிறகு எதற்குப் புதுசு? அதற்கு அவர் எழுத்திலேயே ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். அந்தக் காரணத்தில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, ஆனாலும் அதை அப்படியே நம்பவும் முடியாது.

முத்திரை எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மீதி புரியாது. 12-ஆம் நூற்றாண்டில் மன்னர் கையெழுத்துப் போடுவதில்லை. எழுத்தர் ஒருவர் பதனிட்ட ஆட்டுத்தோலில் லத்தீனில் சாசனத்தை எழுதுவார், இன்னின்னார் முன்னிலையில் என்று சாட்சிகளின் பெயர்களை வரிசையாகச் சேர்ப்பார், தோலின் அடிப்பகுதியை மடித்துத் துளை போட்டுப் பட்டுக் கயிறோ தோல் பட்டையோ கோர்ப்பார். அந்தக் கயிற்றில் தொங்கும் மெழுகு வில்லைதான் முத்திரை. சுமார் 10 சென்டிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் உருவம். உள்ளே குழிவாகச் செதுக்கிய இரண்டு உலோக அச்சுகள் இருக்கும். கீழ் அச்சில் இளகிய மெழுகை வைத்து, மேலே கயிற்றைக் கிடத்தி, அதன்மேல் இன்னொரு மெழுகு உருண்டையை வைத்து மேல் அச்சால் அழுத்துவார்கள். இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று விலகாமல் உட்கார, ஓரத்தில் துளையோடு காதுகள் மாதிரி நீட்டல்கள் இருக்கும், அவற்றில் முளையைச் செருகிக்கொள்ளலாம். மெழுகு என்றால் தேன்மெழுகில் பிசின் கலந்தது, பச்சை நிறம் வேண்டுமானால் செம்புப் பச்சை சேர்ப்பார்கள். தபால் நிலையத்தில் பார்த்த சிவப்பு அரக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு சரக்கு.

இந்த வில்லை இல்லாத சாசனம் வெறும் தோல். ஒரு மடம் ‘இந்தக் காடு எங்களுக்கு மன்னர் கொடுத்தது’ என்று வழக்காடும்போது, முதலில் எல்லார் கண்ணும் போவது முத்திரைக்குத்தான். இரண்டாம் ஹென்றியின் கடைசிக் காலத்தில் எழுதப்பட்ட, கிளான்வில் பெயரில் வழங்கும் சட்ட நூல், மன்னரின் சாசனத்தைப் போலியாகச் செய்வதை ராஜதுரோகத்தோடு சேர்த்து வைக்கிறது. சாதாரண ஆளின் சாசனத்தைப் போலி செய்தால் தண்டனை குறைவு. அதாவது அந்த மெழுகில் கை வைத்தால் மன்னர்மேலேயே கை வைத்த மாதிரி.

சரி, ரிச்சர்டுக்கு வருவோம். அப்பா இரண்டாம் ஹென்றி 1189 ஜூலை 6-இல் சினோன் கோட்டையில் இறந்தார், செப்டம்பர் 3-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ரிச்சர்டுக்கு முடிசூட்டு. ஜெருசலேம் 1187-இல் சலாவுதீனிடம் போய்விட்டது, ரிச்சர்ட் அப்போதே சிலுவை எடுத்துக்கொண்டவர், அதாவது அதை மீட்கப் போருக்குப் போவதாகச் சபதம் செய்தவர், மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்படுவதுதான் அவர் தலையில் இருந்த ஒரே வேலை. கப்பல் வேண்டும், குதிரை வேண்டும், சம்பளம் வேண்டும். அப்பா வைத்துவிட்டுப் போன பணம் இருந்தது, ஆனால் போதாது. அதனால் நான்கு மாதத்துக்குள் விற்கக்கூடியதையெல்லாம் விற்றார். ஷெரீப் பதவிகள், அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் மன்னரின் அதிகாரியாக இருக்கும் பதவிகள், விலைக்குப் போயின. மன்னரின் முத்திரைக்கும் எழுத்து வேலைக்கும் பொறுப்பான சான்சலர் பதவிக்கு வில்லியம் லாங்சாம்ப் 3,000 பவுண்டு கொடுத்தார். ஸ்காட்லாந்து மன்னர் வில்லியம், 1174-இல் ஹென்றியிடம் சிறைப்பட்டபோது ஒப்புக்கொண்ட அடிமை ஒப்பந்தத்திலிருந்து விடுபட 10,000 மார்க் கட்டினார். மார்க் என்பது நாணயமல்ல, ஒரு கணக்கு அளவு, பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. வாங்க ஆள் கிடைத்தால் லண்டனையே விற்பேன் என்று ரிச்சர்ட் வேடிக்கையாகச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சொன்னாரோ இல்லையோ, அவரைப் பார்த்தவர்கள் அதை நம்பத் தயாராக இருந்தார்கள்.

விற்றதற்கெல்லாம் ரசீது வேண்டுமே. அந்த ரசீதுகள்தான் முதல் முத்திரை தொங்கும் சாசனங்கள். மடங்கள், பேராலயங்கள், நகரங்கள், பிரபுக்கள் எல்லோரும் பழைய உரிமைகளைப் புது மன்னரிடம் உறுதிசெய்துகொள்ளவும், முடிந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளவும் வரிசையில் நின்றார்கள். 1189 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை முத்திரை அச்சு சூடு ஆறியிருக்காது.

அந்த முதல் முத்திரையில் ஒரு பக்கம் மன்னர் சிம்மாசனத்தில், கையில் வாளும் கோளமும், சுற்றிலும் ‘கடவுள் அருளால் ஆங்கிலேயரின் மன்னர் ரிச்சர்ட்’ என்று எழுத்து. மறுபக்கம் பாய்கிற குதிரைமேல் அதே ஆள், போர்க்கோலத்தில், அங்கே பட்டம் வேறு: நார்மன்கள், அக்கித்தேனியரின் பிரபு, ஆஞ்சுவினரின் கோமான். உட்கார்ந்தால் இங்கிலாந்துக்கு மன்னர், குதிரை ஏறினால் பிரான்ஸ் மண்ணில் பிரபு. இந்த ஏற்பாடு வெற்றிவீரன் வில்லியம் காலத்திலிருந்து வருவது. குதிரைப் பக்கத்துக் கேடயத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒரு சிங்கம். கேடயம் வளைந்திருப்பதால் பாதிதான் தெரிகிறது, மறைந்த பாதியில் எதிரெதிராக இன்னொரு சிங்கம் இருந்ததா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. விட்டுவிடலாம்.

இப்போது கடல். 1191 ஏப்ரல் 10-இல் ரிச்சர்டின் கப்பற்படை சிசிலியின் மெசினாவிலிருந்து கிளம்பியது. புயலில் கப்பல்கள் சிதறின, சில சைப்பிரஸ் தீவின் தெற்குக் கரையில் லிமசோல் அருகே உடைந்தன. அப்படி உடைந்த ஒரு கப்பலில் இருந்தவர் ரோஜர் மால்கேல், மன்னரின் துணைச் சான்சலர், அதாவது முத்திரையைக் கையில் வைத்திருந்தவர். சான்சலர் லாங்சாம்ப் நாட்டைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்தில் தங்கிவிட்டார், பெருமுத்திரை மன்னரோடு போகவேண்டும், அதனால் ரோஜர். அவர் மூழ்கிப் போனார். உடல் கரை ஒதுங்கியது, கழுத்தில் முத்திரை தொங்கிக்கொண்டிருந்தது என்று எழுதுகிறார் ரோஜர் ஆஃப் ஹவ்டன். இந்த ஹவ்டன் அரசவை எழுத்தர், அதே சிலுவைப் போருக்குப் போனவர், முத்திரை என்றால் என்ன என்று தெரிந்தவர். இன்னொரு வரலாறு, ஒரு சாதாரண ஆள் அதைக் கண்டெடுத்துப் படையினரிடம் விலைக்குக் கொண்டுவந்தான், பணம் கொடுத்து மீட்டார்கள் என்று சேர்க்கிறது. நாட்டில் உள்ள எல்லா நிலத்தையும் எழுதி வாங்கக்கூடிய ஒரு பொருளை என்ன விலை கேட்டானோ.

ஆக முத்திரை தொலைந்தது உண்மை. சில நாளோ சில வாரமோ. திரும்பக் கிடைத்ததும் உண்மை, அதையே மறுபடி பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைப்பிரஸில் கரை ஒதுங்கியவர்களை அந்தத் தீவை ஆண்ட ஐசக் கொம்னெனோஸ் மோசமாக நடத்தினார் என்பதைக் காரணம் காட்டி ரிச்சர்ட் தீவையே பிடித்துவிட்டார், மே 12-இல் லிமசோலிலேயே நவார் இளவரசி பெரெங்காரியாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். அதற்கப்புறம் ஆக்ரா (நம்மூர் ஆக்ரா அல்ல, பாலஸ்தீனக் கடற்கரைத் துறைமுகம்) முற்றுகை, 1191 ஜூலையில் நகரம் விழுந்தது, ஜெருசலேமுக்குப் பக்கம்வரை போய் அதைப் பிடிக்காமலே திரும்பியது, 1192 செப்டம்பரில் சலாவுதீனோடு மூன்று வருட உடன்பாடு. ஊர் திரும்பும் வழியில் டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரியப் பிரபு லியோபோல்டின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். லியோபோல்ட் அவரை ஜெர்மன் பேரரசர் ஆறாம் ஹென்றிக்குக் கைமாற்றினார். மீட்புத் தொகை கடைசியில் 1,50,000 மார்க் என்று முடிவானது, அதில் 1,00,000 கையில் வந்தபிறகுதான் விடுதலை.

அந்தப் பணத்தைத் திரட்ட இங்கிலாந்தில் ஒவ்வொருவரின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நாலில் ஒரு பங்கு வரி, கோயில்களின் பொன் வெள்ளிப் பாத்திரங்கள், சிஸ்டர்சியத் துறவிகளின் ஒரு வருட ஆட்டுரோமம். திரண்ட பணத்துக்குப் பொறுப்பாக ஒரு குழுவை வைத்தார்கள், பெட்டிகளில் மன்னரின் தாய் எலினோரின் முத்திரையும் ரூவான் பேராயரின் முத்திரையும் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. பூட்டை உடைத்துவிட்டு அதே மாதிரிப் பூட்டு வேறொன்றை மாட்டிவிடலாம், முத்திரையை உடைத்தால் மறுபடி ஒட்ட அந்த அச்சு வேண்டும். அதனால்தான் இத்தனை கவனம்.

1194 பிப்ரவரி 4-இல் விடுதலை, மார்ச் 13-இல் இங்கிலாந்து மண்ணில். வந்த மன்னர் என்ன செய்தார்? மார்ச் கடைசியில் நாட்டிங்காமில் அவையைக் கூட்டி, 1189-இல் தான் விற்ற ஷெரீப் பதவிகளைப் பறித்து மறுபடி ஏலம் விட்டார். வாங்கியவர்கள் கொடுத்த பணத்துக்கு அனுபவித்தது போதும் என்பதுதான் வாதம். இது நடந்தது முத்திரை விவகாரத்துக்கு முன்னால். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் விற்றதை மறுபடி விற்கும் பழக்கம் முத்திரையில் தொடங்கவில்லை என்பது இதில் தெரிந்துவிடுகிறது. மே மாதம் நார்மண்டிக்குக் கப்பல் ஏறினார், அதன்பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை.

அந்தக் கோடையில் பிரெஞ்சு மன்னர் பிலிப்போடு போர். ஜூலை தொடக்கத்தில் ஃப்ரெத்வல் என்ற இடத்தில் பிலிப் தப்பித்து ஓட, அவருடைய பொருள் வண்டிகள், கஜானா, ஆவணங்கள் எல்லாம் ரிச்சர்ட் கையில் சிக்கின. அக்காலத்து மன்னர்கள் அலுவலகத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போருக்குப் போனார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இதற்குப்பின் பிரெஞ்சு அரசு தன் ஆவணங்களைப் பாரிஸில் நிலையாக வைக்கத் தொடங்கியது. அதே ஜூலை 23-இல் தில்லியர் என்ற இடத்தில் லாங்சாம்ப் உள்ளிட்டோர் ரிச்சர்டின் சார்பில் ஒரு போர்நிறுத்தம் பேசி முடித்தார்கள். அதன் நிபந்தனைகள் ரிச்சர்டுக்குப் பிடிக்கவில்லை.

இந்த லாங்சாம்ப் பற்றி ஒரு வரி. மன்னர் இல்லாத காலத்தில் இங்கிலாந்தை ஆட்டிப்படைத்து, 1191 அக்டோபரில் பதவி பறிக்கப்பட்டு, டோவர் கடற்கரையில் பெண்வேடம் போட்டுத் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர் என்று ஒரு கடிதம் சொல்கிறது. எழுதிய பிஷப் அவருடைய பரம எதிரி, அதனால் முழுசாக நம்பவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ரிச்சர்ட் அவரைக் கைவிடவில்லை, சான்சலராகவே வைத்திருந்தார்.

இங்கேதான் ஹவ்டன் மறுபடி வருகிறார். 1194-க்கான பதிவில் அவர் சொல்வது: போர்நிறுத்தத்தால் கோபம் கொண்ட மன்னர் சான்சலரிடமிருந்து முத்திரையைப் பறித்தார், புது முத்திரை செய்வித்தார், பழைய முத்திரையால் செய்யப்பட்டது எதுவும் இனிச் செல்லாது என்று நாடு முழுக்க அறிவித்தார். காரணம் இரண்டு. சான்சலர் அந்த முத்திரையை வைத்துக்கொண்டு அளவுமீறி நடந்தார் என்பது ஒன்று. சைப்பிரஸ் அருகே ரோஜர் மூழ்கியபோது அது தொலைந்துபோனது என்பது இன்னொன்று. சாசனம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வந்து புது முத்திரையில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கதை அழகாக இருக்கிறது, ஆனால் சாசனங்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. 1194-க்குப் பிறகும், 1195, 1196, 1197 என்று வருடா வருடம், ரிச்சர்டின் சாசனங்களில் தொங்குவது பழைய முத்திரைதான். புது முத்திரை கண்ணில் படுவது 1198 மே மாதம்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜே. ஹெச். ரவுண்ட் என்ற வரலாற்றாசிரியர் தேதியிட்ட சாசனங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மாற்றம் நடந்தது 1198-இன் முதல் மாதங்களுக்கும் மே மாதத்துக்கும் இடையே என்று காட்டினார். அதுவரை எல்லோரும் ஹவ்டனை நம்பி 1194 என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1194-இல் பேச்சு கிளம்பியிருக்கலாம், அச்சுகூட செதுக்கி வைத்திருக்கலாம், நாலு வருடம் அது பெட்டியில் தூங்கியிருக்கலாம், இப்படிப் பலவிதமாக விளக்குகிறார்கள். லாங்சாம்ப் 1197 ஜனவரியில் இறந்துவிட்டார், அவருக்குப்பின் எலி நகரின் பிஷப்பாகவும் சான்சலராகவும் வந்தவர் யூஸ்டஸ், புது முத்திரை புழக்கத்துக்கு வந்தது அவர் காலத்தில்.

1198 மேக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட சாசனங்களின் அமைப்பு வேடிக்கையாக இருக்கும். முதலில் 1189-இல் கொடுத்த பழைய சாசனத்தை, அதன் சாட்சிகளோடும் தேதியோடும், ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதுவார்கள். அதன்பின் ஒரு பத்தி வரும். அதன் சாரம் இது: நமது முதல் முத்திரையின் கீழிருந்த சாசனத்தின் வாசகம் இதுவே. அந்த முத்திரை ஒருகாலத்தில் தொலைந்துபோனதாலும், நாம் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தபோது வேற்றார் கைக்குப் போனதாலும் மாற்றப்பட்டது. இந்தப் புதுப்பித்தலுக்குச் சாட்சிகள் இன்னின்னார். புதுத் தேதி. முடிந்தது.

கவனித்தீர்களா, ஹவ்டன் சொன்ன முதல் காரணம், அதாவது சான்சலர் செய்த அத்துமீறல், இங்கே காணோம். அவர் செத்துப்போய்விட்டார், ஒருகாலத்தில் மன்னரே தூக்கிப்பிடித்த ஆள் வேறு. அந்த இடத்தில் ஜெர்மன் சிறை வந்து உட்கார்ந்திருக்கிறது. கடல், சிறை, இரண்டும் யாரும் மறுக்கமுடியாத சம்பவங்கள், இரண்டிலும் மன்னர் பாவப்பட்டவர்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முத்திரை தொலைந்தது 1191 ஏப்ரலில். அது வேற்றார் கையில் இருந்தபோது யாராவது கள்ளத்தனமாக அழுத்தியிருப்பார்கள் என்பது பயமென்றால், சந்தேகப்படவேண்டியது அந்தக் கொஞ்ச நாள் சாசனங்களை, அப்புறம் சிறையிலிருந்த காலத்துச் சாசனங்களை. 1189 அக்டோபரில் மன்னரின் முன்னிலையிலேயே, பேராயர்கள் சாட்சியாக நிற்க எழுதப்பட்ட சாசனத்துக்கு என்ன வந்தது? அது எந்தக் கடலிலும் விழவில்லை. புதுப்பிக்க வந்தவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். மேலும் சந்தேகம் அவ்வளவு ஆழமானது என்றால் 1194-இலிருந்து 1198 வரை அதே கறைபட்ட அச்சில் நூற்றுக்கணக்கில் முத்திரை போட்டிருக்கவும் மாட்டார்கள்.

பணம்தான். இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, அக்காலத்தவரே புலம்பியிருக்கிறார்கள். 1198-இல் ரிச்சர்டின் நிலைமையைப் பாருங்கள். ஆந்தெலியில் சேன் நதிக்கு மேலே ஷாத்தோ கையார் கோட்டையை இரண்டே வருடத்தில் கட்டி முடித்திருந்தார், அங்கே ஆன செலவு 12,000 பவுண்டை ஒட்டி வரும். பிலிப்பை எதிர்க்க ஃபிளாண்டர்ஸ் கோமானைத் தன் பக்கம் இழுத்துவைத்திருந்தார், அதுவும் சும்மா நடக்காது. 1197 டிசம்பரில் கடல்கடந்த போருக்கு வீரர்களைத் தா என்று கேட்டபோது லிங்கன் பிஷப் ஹ்யூ வெளிப்படையாகவே மறுத்தார். 1198-இல் ஒவ்வொரு ஏர்நிலத்துக்கும் 5 ஷில்லிங் என்று புது வரி போட்டார்கள். மீட்புத் தொகையில் ஏற்கெனவே கறந்த நாடு. இந்த நிலைமையில் புதிதாக வரி என்று சொல்லாமல், யாருடைய ஒப்புதலையும் கேட்காமல், சாசனம் வைத்திருக்கும் அத்தனை மடத்தையும் நகரத்தையும் பிரபுவையும் பணத்தோடு வாசலுக்கு வரவழைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் உள்ள முத்திரை இன்றிலிருந்து செல்லாது, வந்து மறுபடி பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் மட்டும் பழைய கட்டணம் இல்லை என்று பதிவாளரே சொன்னால் எப்படி இருக்கும், அது.

வராமல் இருக்க முடியாதா என்றால், சட்டப்படி யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே பக்கத்து நிலக்காரன் வழக்குப் போட்டு, நீங்கள் பழைய முத்திரையைக் காட்டி, அவன் புதுசைக் காட்டினால் கதை முடிந்தது. பயம் போதும், அதிகாரி வேண்டாம். பெரிய மடங்கள் முதலில் வந்தன, அவர்களுக்கு இழப்பதற்கு நிறைய இருந்தது.

எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பின்வாசல் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. ரிச்சர்ட் 1199 ஏப்ரல் 6-இல் ஷாலூவில் அம்புக் காயம் புரையோடி இறந்தார். தம்பி ஜான் மன்னரானதும், ஜூன் மாதத்திலேயே முத்திரைக் கட்டணம் பற்றி ஒரு ஆணை போட்டார். அண்ணன் காலத்தில் கட்டணம் நியாயத்தைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு ஏற்றப்பட்டது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. இனி அப்பா ஹென்றி காலத்து விகிதம்தான்: நிலம் புதிதாகக் கொடுக்கும் சாசனத்துக்கு ஒரு மார்க் தங்கம் அல்லது பத்து மார்க் வெள்ளி சான்சலருக்கு, துணைச் சான்சலருக்கு ஒரு மார்க், தலைமை எழுத்தருக்கு ஒரு மார்க், மெழுகுக்கு 5 ஷில்லிங். புதுசு எதுவும் சேர்க்காத வெறும் உறுதிச் சாசனத்துக்கு இதைவிட மிகக் குறைவு, மெழுகுக்கு 12 பென்ஸ் போதும். குறைத்த விகிதமே இது என்றால் ரிச்சர்ட் காலத்தில் என்ன கேட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மன்னருக்குத் தனியாகக் கொடுத்த தொகை வேறு கணக்கு, இது மேசைக்கு மேசை கொடுக்கும் பணம் மட்டும்.

அந்த இரண்டாவது முத்திரை பார்க்க எப்படி இருந்தது? செதுக்கு வேலை முதலாவதைவிட நன்றாக இருக்கிறது. குதிரைப் பக்கத்தில் மன்னரின் தலையில் முகத்தை மூடிய, உச்சி தட்டையான பெரிய இரும்புத் தலைக்கவசம், அதன்மேல் விசிறிபோல விரிந்த கொண்டை, அதிலும் ஒரு சிங்கம். கேடயத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நடைபோடும் மூன்று சிங்கங்கள், முகம் மட்டும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். ஒரு சிங்கம் ஏன் மூன்றானது? நார்மண்டிக்கு இரண்டு, அம்மா எலினோரின் அக்கித்தேனுக்கு ஒன்று என்று ஒரு விளக்கம் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. தம்பி ஜான் மன்னராவதற்கு முன்பே இரண்டு சிங்கங்களைத் தன் முத்திரையில் வைத்திருந்தார், தாத்தா ஆஞ்சு ஜெஃப்ரியின் கேடயத்திலும் சிங்கங்கள் உண்டு, குடும்பத்துக்கே சிங்கப் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். ரிச்சர்டின் குதிரைப் பக்கம் காட்டும் அந்த மூன்றை அவருக்குப் பின்வந்த எல்லா மன்னர்களும் பிடித்துக்கொண்டார்கள், 1872-இல் முதல் சர்வதேசக் கால்பந்தாட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடிய இங்கிலாந்து அணியின் சட்டைவரை அது வந்தது.

சிம்மாசனப் பக்கத்தில் மன்னரின் இருபுறமும் பிறையும் கதிர்விடும் நட்சத்திரமும் இருக்கின்றன. இதைப் பார்த்து ரிச்சர்ட் சலாவுதீனிடமிருந்து இஸ்லாமியச் சின்னத்தை எடுத்துக்கொண்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிறையும் நட்சத்திரமும் இஸ்லாத்தின் அடையாளமாகப் பொதுவில் ஆனது பல நூற்றாண்டுகள் கழித்து, உஸ்மானியர் வழியாக. 12-ஆம் நூற்றாண்டில் (இன்றைய லெபனானில் உள்ள) திரிப்போலியை ஆண்ட சிலுவைப்போர்க் கோமான்களே தங்கள் காசில் அதைப் போட்டிருக்கிறார்கள்.

கிழக்கில் இருந்த சிலுவை அரசர்களின் முத்திரையோடு ஒப்பிட்டால் ரிச்சர்டுடையது எவ்வளவு தன்னைப் பற்றியது என்று தெரியும். ஜெருசலேம் மன்னர்கள் மெழுகைவிட ஈயத்தை விரும்பினார்கள், போப்பும் பைசாந்தியப் பேரரசரும் செய்ததுபோல. அந்த ஊர் வெயிலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஒரு பக்கம் மன்னர் சிம்மாசனத்தில். மறுபக்கம் குதிரைவீரன் இல்லை, நகரம்: நடுவில் தாவீதின் கோபுரம், ஒருபுறம் கிறிஸ்துவின் கல்லறைக் கோயில், மறுபுறம் பாறைக் குவிமாடம், சுற்றிலும் ‘மன்னர்க்கெல்லாம் மன்னரின் நகரம்’ என்ற எழுத்து. நகரம் 1187-இல் கைவிட்டுப் போனபிறகும், ஆக்ராவில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவர்கள் இதே படத்தைத் தொடர்ந்தார்கள்.

திரும்ப 1198-க்கு. பணம்தான் காரணம் என்று சொன்னாலும், பணம் மட்டும்தான் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்த வித்தை பலித்ததற்குப் பின்னால் ஒரு நிர்வாக ஓட்டை இருக்கிறது. ரிச்சர்டின் அரசு கொடுத்த சாசனத்துக்கு அரசிடம் நகல் கிடையாது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று ஒரு பேரேடு இல்லை. சாசனம் வாங்கியவரின் பெட்டியில் இருக்கும் அந்த ஒரே தோல்தான் ஆதாரம், அதில் தொங்கும் மெழுகுதான் அதன் உயிர். 1189-இல் அவசர அவசரமாக விற்றதில் எது எவ்வளவு என்று 1198-இல் சான்சலரின் அலுவலகத்துக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி எல்லாவற்றையும் திரும்ப வரவழைப்பது. வந்தால் படிக்கலாம், சந்தேகமானதை நிறுத்தலாம், மீதிக்குக் காசு வாங்கலாம். பேரேடு வைத்திருக்கும் அரசு முத்திரையை மாற்றினால் அது ஒரு அறிவிப்பு, அவ்வளவே. பேரேடு இல்லாத அரசு மாற்றினால் நாடே வந்து நிற்கவேண்டும்.

இதற்கு விடையும் உடனே வந்தது, ரிச்சர்டின் கையால் அல்ல. ஜானின் சான்சலராக 1199-இல் பொறுப்பேற்றவர் கான்டர்பரி பேராயர் ஹியூபர்ட் வால்டர், சிலுவைப் போருக்கும் போனவர், ரிச்சர்டின் மீட்புப் பணத்தைக் காத்த குழுவிலும் இருந்தவர். அவர் காலத்திலிருந்து, முத்திரையிட்டு வெளியே போகும் ஒவ்வொரு சாசனத்தின் நகலும் நீளமான தோல் சுருள்களில் ஏறத் தொடங்கியது. அந்தச் சுருள்கள் இன்றும் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு வேடிக்கை, கட்டணத்தைக் குறைத்த அதே ஜானின் முதல் வருடத்திலேயே இன்னொரு வகைச் சுருளும் சேர்ந்துவிட்டது: சாசனத்தை உறுதிசெய்துகொள்ள, வழக்கைத் தள்ளிப்போட, கல்யாணத்துக்கு அனுமதி வாங்க, மன்னருக்கு யார் யார் எத்தனை மார்க், எத்தனை குதிரை தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்ற பட்டியல்.